பழைய வீட்டு விசர்

கனடாவின் மற்ற மாகாணங்களில் யூலை 1ஆம் திகதி கொடியேற்றி வாணவேடிக்கை விடுவார்கள். மொன்றியலில் அன்றைக்கு மெத்தை சுமப்பார்கள். கியூபெக்கில் வீட்டு வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை யூன் 30உடன் முடிகின்றன. ஒருகாலத்தில் வீடு மாறும் நாள் மே 1ஆக இருந்தது. தவணை நடுவில் பிள்ளைகளின் படிப்புக் குழம்புகிறது என்று 1970களில் அரசாங்கம் அதைக் கோடை விடுமுறைக்குத் தள்ளியது. பிள்ளைகளின் படிப்புத் தப்பியது. தகப்பன்மாரின் முதுகைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இதோடு மாடிப்படியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த நகரத்தின் பழைய இரண்டடுக்கு, மூன்றடுக்கு வீடுகளுக்குப் படிக்கட்டு வெளியே இருக்கும். உள்ளே இடம் மிச்சம் பிடிக்க, வீட்டு முன்னால் விட்ட துண்டு நிலத்தில் இரும்புப் படியை வளைத்துத் தொங்கவிட்டார்கள். படமெடுக்க வருகிற உல்லாசப் பயணிக்கு அது மொன்றியலின் அழகு. குளிர்சாதனப் பெட்டியின் கீழ்ப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அந்த வளைவில் நிற்கிறவனுக்கு அப்படித் தோன்றாது. மேல்பக்கத்தைப் பிடித்திருப்பவன் மனைவியின் தம்பி என்றால் கேட்கவே வேண்டாம். அவன் பாரத்தை விடமாட்டான், புத்திமதியையும் விடமாட்டான்.

“அத்தான், உந்தக் கரைச்சல் எல்லாம் ஏன்? லவாலிலை புதுவீடு கட்டுறாங்கள். ரெண்டு கார் விடக் கராஜ். பேசாமல் வந்து வாங்குங்கோ.”

சொந்த வீடு வாங்கவேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பு இல்லை. வாடகை வீட்டை இங்கே அறைக்கணக்கில் சொல்வார்கள்: மூன்றரை, நாலரை, ஐந்தரை. அந்த அரை, குளியலறை. “நாங்கள் ஐந்தரையிலை இருக்கிறம்” என்று ஊருக்குப் போன் எடுத்துச் சொன்னால், ஐந்தரைப் பரப்புக் காணி என்று அங்கே சந்தோஷப்படுவார்கள். அந்த மரியாதைக்குத் தக்கபடி ஏதாவது வாங்கித்தான் ஆகவேண்டும். ஆனால் லவாலில் அல்ல, புதுவீடும் அல்ல. எனக்குப் பழைய வீட்டு விசர்.

1900க்கும் 1930க்கும் இடையில் கட்டிய செங்கல் வீட்டைக் கண்டால் என் கால் நின்றுவிடும். முன்கதவுக்கு மேலே ஈயக்கோடு போட்டுப் பிரித்த நிறக்கண்ணாடி. உள்ளே ஓக் மரப் படிக்கட்டு, அதன் கைப்பிடித் தூணுக்கு ஒரு உருண்டைத் தலை. வார்ப்பிரும்பு ரேடியேற்றர், சிங்கப்பாதம் வைத்த குளிதொட்டி, வீதியைப் பார்த்தபடி கூரை போட்ட விறாந்தை. இந்த ரசனை எனக்குப் பரம்பரையாக வந்தது என்று கேட்பவருக்குச் சொல்வேன். யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு. நடுவில் முற்றம், சுற்றிவரத் தூண், மழை பெய்தால் நாலு தாழ்வாரத்தாலும் தண்ணீர் முற்றத்துக்குள் இறங்கும். நான் இவ்வளவு தூரம் வந்ததும் மனைவி மிச்சத்தைச் சொல்லி முடிப்பாள்.

“அது உங்கட பெரியப்பான்ரை வீடு. நீங்கள் இருந்தது பக்கத்து வளவிலை, அஸ்பெஸ்ரஸ் சீற் போட்ட வீடு.”

அந்த அஸ்பெஸ்ரஸை ஞாபகத்தில் வைத்திருங்கள். அது பிறகு வரும்.

மொன்றியல் தமிழர் வீடு பார்ப்பதற்கு நன்றாக நடந்து பழகிய ஒரு பாதை உண்டு. வந்து இறங்கிய புதிதில் கோட்-டே-நேஜ் அல்லது பார்க் எக்ஸ். இரண்டாவது வேலை கிடைத்ததும் லசால். பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு அறை கேட்கும்போது லவால், பிரோசார், அல்லது நாங்கள் டி.டி.ஓ. என்று சுருக்கிச் சொல்கிற டொலார்-டெ-ஸோர்மோ. அங்கேதான் திருமுருகன் கோயில் இருக்கிறது; கோடைகாலத்தில் தேர் இழுப்பார்கள். இந்தப் பாதையில் எங்கேயும் நிறக்கண்ணாடி கிடையாது. அதில் போனவர்கள் யாரும் அதனால் குறைந்துபோனதாகவும் தெரியவில்லை.

என் மனைவியிடம் ஒரு பட்டியல் இருந்தது. கோயிலுக்குக் காரில் அரை மணிக்குள் போகவேண்டும். காலை 7 மணி முறைக்கு ஆஸ்பத்திரியில் நிற்கவேண்டும். மீன் கடை, பார்க்கிங், தண்ணீர், குசினி. என்னிடமும் பட்டியல் இருந்தது. அதில் இருந்த எல்லாமே மற்றவர்களுக்குச் சொல்லிக்காட்டக்கூடியவை. வீட்டு எஜன்ற் தமிழ்ப் பெடியன். எங்கள் இரண்டு பட்டியலையும் வாங்கிப் பார்த்துவிட்டு, “அண்ணை, அக்கா, ரெண்டு வீடு பாப்பமோ?” என்று கேட்டான்.

முதலில் மவுண்ட் றோயல் நகரத்துக்குப் போனோம். அதன் கதை எனக்கு மனப்பாடம். கனேடியன் நோர்தேர்ன் என்ற ரெயில் கொம்பனி, நகரத்தின் நடுவில் நிற்கும் மலையைக் குடைந்து 1912இல் சுரங்கம் வெட்டத் தொடங்கியது. மலைக்கு மறுபக்கத்து விவசாய நிலத்தை வாங்கி, பிரடெரிக் டொட் என்ற நிலவடிவமைப்பாளரைக் கொண்டு ஒரு பூங்கா நகரத்தை வரைந்தது. காணி விற்ற காசு ரெயில்பாதைக்கு உதவும் என்பது கணக்கு. ரெயில் 1918இல் சுரங்கத்துக்குள்ளால் ஓடியது. அந்தக் காலத்துக்குள் கொம்பனி கடன் தாங்காமல் அரசாங்கத்தின் கைக்குப் போய்விட்டது. வீடு வாங்கி நொடித்தவர்கள் எங்கள் உறவில் இருக்கிறார்கள். ஊரையே வரைந்துவிட்டு நொடித்த கொம்பனி என்றதும் எனக்கு அதன்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது.

அப்போது நாங்கள் பார்க் எக்ஸில் குடியிருந்தோம். அக்காடி பெருந்தெருவுக்கு இந்தப்பக்கம் நாங்கள், அந்தப்பக்கம் மவுண்ட் றோயல். நடுவில் 1960 முதல் ஒரு கம்பிவேலி நிற்கிறது. அதைப் பச்சைச் செடி மூடியிருக்கும், இடையிடையே படலை. ஹாலோவீன் இரவில் அந்தப் படலைகளைப் பூட்டிவைத்த காலமும் உண்டு. எங்கள் பக்கத்துக்காரர் பலருக்கு அந்த வேலியைக் கண்டால் கோபம் வரும், வரவேண்டியதுதான். எனக்கு வந்தது வேறு. ஒரு கதியால் அரை முழம் தள்ளி நட்டதற்காக இரண்டு தலைமுறை கோடேறிய பரம்பரை என்னுடையது. அப்படிப்பட்ட சண்டையை ஒரு நகரசபையே எடுத்து இத்தனை வருஷமாக நடத்துகிறதென்றால், இது நம்மட ஆக்களின் ஊர் என்று நினைத்தேன். எஜன்ற் விலையைச் சொன்னான். படலை திறந்துதான் இருந்தது. அதன் வழியாகவே எங்கள் பக்கத்துக்குத் திரும்பி வந்தோம்.

வெஸ்ட்மவுண்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மலைச்சரிவில் இருக்கிற ஊர். மேலே ஏற ஏற வீடும் பெருக்கும் விலையும் பெருக்கும். நாங்கள் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தோம். கழுத்து நோவு மட்டும் இலவசம்.

இந்தப் பழைய புறநகர்களின் குணத்தை அறிய 2002இல் நடந்ததைக் கேட்டால் போதும். மாகாண அரசாங்கம் தீவிலுள்ள ஊர்களை எல்லாம் மொன்றியலோடு சேர்த்து ஒரே நகரமாக்கியது. இரண்டு வருஷத்தில் வாக்கெடுப்பு வைத்தார்கள். 2006 ஜனவரி 1ஆம் திகதி 15 ஊர்கள் கூட்டுக்குடும்பத்தை விட்டுத் தனிக்குடித்தனம் போயின. வெஸ்ட்மவுண்ட், மவுண்ட் றோயல், மொன்றியல் வெஸ்ட், எங்கள் கோயில் இருக்கும் டி.டி.ஓ. எல்லாம் அதில் சேர்த்தி. தண்ணீர், பொலிஸ், தீயணைப்பு போன்ற பெரிய செலவுகளை இன்றும் பங்குபோட்டுத்தான் கட்டுகிறார்கள். வருஷாவருஷம் அந்தப் பங்கைப் பற்றிப் புறுபுறுக்கிறார்கள். லஷீன், லசால், வேர்டன், அவுட்றமோன் ஆகியவை பெரிய வீட்டிலேயே தங்கிவிட்டன.

ஆற்றுக்கு அந்தக் கரையில் சென் லம்பேர். கோபுரம் வைத்த விக்ரோறியா காலத்து வீடுகள், அடக்கமான கடைத்தெரு. அங்கே போகிற விக்ரோறியாப் பாலத்தில் 1859இல் முதல் ரெயில் ஓடியது. சென் லோரன்ஸ் கடல்வழி 1959இல் திறந்தபோது பாலத்தின் அந்த முனையில் கப்பல் ஏறி இறங்கும் நீர்ப்பூட்டு வந்தது. கப்பல் வந்தால் பாலத்தின் ஒரு துண்டு மேலே எழும்பும்; வாகனங்களை வேறு பக்கத்தால் திருப்பிவிடுவார்கள். நாங்கள் போன நேரம் ஒரு கப்பல் வந்தது. வீட்டுக் கூரைகளுக்கு மேலாக அதன் நெற்றி தெரிந்தது. நான் காரை விட்டு இறங்கிப் பார்த்தேன். மனைவி மணிக்கூட்டைப் பார்த்தாள்.

“காலமை ஏழு மணிக்கு வாற கப்பலுக்கு ஆர் சொல்லுறது, எனக்கு டியூட்டி எண்டு? நீங்கள் சொல்லுவியளே?”

சென் லம்பேர் அதோடு முடிந்தது.

மொன்றியல் வெஸ்டில்தான் என் விசர் உச்சத்துக்குப் போனது. 1897இல் ஊராகப் பதிவான சின்ன இடம், ரெயில் போட்ட பிச்சை. கடைத்தெருவுக்குக் குறுக்கே இன்றும் தண்டவாளம் போகிறது. கேற் விழுந்தால் ஊரே நின்று பொறுமை பழகும். ஒரு வீதியில் இரண்டு பக்கத்து மேப்பிள்களும் மேலே கைகோத்து நின்றன. அதன் கீழே ஒரு செங்கல் வீடு, விறாந்தை, நிறக்கண்ணாடி, உருண்டைத் தலைத் தூண். விலை எங்களுக்கு எட்டாத உயரம். ஆனால் வங்கி இன்னும் முப்பது வருஷம் நான் உயிரோடு இருப்பேன் என்று நம்பத் தயாராக இருந்தது. வைத்தியர்கூட என்னிடம் அவ்வளவு நம்பிக்கை வைத்ததில்லை. பரிசோதனைக்கு உட்பட்டது என்று எழுதி விலை கேட்டோம்.

வீட்டுப் பரிசோதகர் வந்தார். பேச்சுக் குறைந்த மனிதர். சாப்பாட்டறைக்கு நடுவில் குந்தியிருந்து சட்டைப் பையிலிருந்து ஒரு போளையை எடுத்து ஓக் தரையில் வைத்தார். போளை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு மெதுவாகப் புறப்பட்டு, கதவு நிலையைத் தாண்டி, கூடத்தில் வேகமெடுத்து, முன்சுவரில் ‘டொக்’ என்று முட்டி நின்றது. அவர் அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏதோ எழுதினார். நான் இன்னொரு முறை விடச் சொன்னேன். போளை அதே பாதையில் போனது.

காரணம் சொன்னார். சுமார் 10,000 வருஷத்துக்கு முன்புவரை இந்தப் பள்ளத்தாக்கில் ஷாம்பிளேன் கடல் கிடந்தது. அது விட்டுப்போன களிமண்ணின் மேல்தான் தீவின் பல பகுதிகள் இருக்கின்றன. கோடை வறண்டால் களி சுருங்கும். மிச்ச ஈரத்தையும் வீதியோரத்துப் பெரிய மரங்கள் உறிஞ்சிவிடும். அத்திவாரத்தின் ஒரு மூலை இறங்கும், மற்றது இறங்காது. அந்த மரங்களின் வேர்கள் பழைய சுட்டமண் சாக்கடைக் குழாயின் பொருத்துகளுக்குள்ளும் புகும். எந்த நிழலுக்காக அந்த வீதியை விரும்பினேனோ, அந்த நிழல் நிலத்துக்கு அடியில் என் காசைக் குடித்துக்கொண்டிருந்தது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சுவருக்குள்ளே பீங்கான் குமிழ்களில் இழுத்துக் கட்டிய அந்தக் காலத்து மின்சார வயர். காப்புறுதிக் கொம்பனி ஒன்றுக்குப் போன் எடுத்து அதைச் சொன்னேன். மறுமுனையில் இருந்த பெண் அதற்குப் பிறகு மிக அன்பாகப் பேசினாள். அந்த அன்பிலேயே விளங்கிவிட்டது. வீதியிலிருந்து வரும் தண்ணீர்க் குழாய் ஈயம். மொன்றியலில் 1970க்கு முந்திய சின்ன வீடுகள் பலவற்றில் அப்படித்தான். ஊரில் வீடு பார்க்கப் போனால் முதலில் கிணற்றில் ஒரு வாளி அள்ளிக் குடித்துப் பார்ப்பார்கள், நல்ல தண்ணியா உவர்த் தண்ணியா என்று. மனைவியின் பட்டியலில் ‘தண்ணீர்’ என்று இருந்ததைப் பார்த்து நான் சிரித்திருந்தேன். பரிசோதகர் ஈயம் என்றதும் அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்புக்கு வட்டியும் முதலும் இருந்தது.

கடைசியாக அவர் ஏணி வைத்துக் கூரைக்குள் ஏறினார். இறங்கும்போது கையில் ஒரு படம். குளிர்காப்புக்காகக் கொட்டிய சாம்பலும் பொன்னும் கலந்த நிறத் துகள்கள். வேர்மிகியுலைற். அமெரிக்காவின் மொன்டானாவில் லிபி என்ற ஊரில் ஒரு சுரங்கம் இருந்தது. 1990இல் அது மூடும்வரை அங்கிருந்து வந்த வேர்மிகியுலைற்றில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருந்தது. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பார்க்கும்வரை அங்கே கைவைக்க வேண்டாம் என்றார்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். “பாத்தியளே? பெரியப்பான்ரை வீடு எண்டு தேடி வந்தது. கூரைக்கை உங்கட வீடு இருக்கு.”

விற்பனைத் தாளில் ஒரு வரி இருந்தது: சட்டப்படியான உத்தரவாதம் இன்றி, வாங்குபவரின் சொந்தப் பொறுப்பில். கியூபெக் குடியியல் சட்டத்தின்படி, கண்ணுக்குத் தெரியாத குறைகளுக்கு விற்பவர்தான் பொறுப்பு. பழைய வீடு விற்கிற பலர் இந்த ஒரு வரியால் அந்தப் பொறுப்பை இறக்கிவைத்து விடுகிறார்கள். எஜன்ற் அதைப் படித்துக் காட்டியபோது கடவையில் கேற் விழுந்தது. ரெயில் போகும்வரை அவன் காத்திருந்து, திரும்ப முதலிலிருந்து படித்தான்.

வீட்டின் உள்ளே இவ்வளவு என்றால் வெளியே நகரசபை. பழைய ஊர்களின் அழகு தானாக வருவதில்லை. முன்பக்க யன்னலை மாற்றவேண்டுமானால் படம், நிறம், சட்டத்தின் தடிப்பு எல்லாம் எழுதிக் கொடுக்கவேண்டும். அதை ஆலோசனைக் குழு கூடிப் பார்க்கும். குழு பார்த்து முடிப்பதற்குள் குளிர்காலம் வந்து பழைய யன்னலின் இடுக்குகளால் எங்களைப் பார்த்துவிடும். பனிக்காலத்தில் கார்களுக்கு மேல் வெள்ளைக் கூடாரம் அடிப்பது கியூபெக் வழக்கம்; ‘தெம்போ’ என்பார்கள். எல்லா ஊரும் அதை வீட்டு முன்னால் விடுவதில்லை. விறகு எரிக்கும் கணப்பு இன்னொரு கதை. 2018 ஒக்ரோபர் முதல் மொன்றியல் நகரத்தில், மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் விடும் விறகடுப்பையோ கணப்பையோ பாவிக்கக்கூடாது. நூறு வயதுக் கணப்பு அந்தச் சோதனையில் பாஸ் பண்ணாது. மொன்றியலின் பழைய கணப்புகளில் இப்போது பூச்சாடியும் பிள்ளைகளின் பட்டமளிப்புப் படமும் இருப்பது இதனால்தான்.

மைத்துனன் லவாலிலிருந்து போன் எடுத்தான். அவனுடைய வீட்டில் யன்னல் ஒரு விரலால் திறக்கும், போளை வைத்த இடத்திலேயே இருக்கும் என்றான். போளைக் கதை அவனுக்கு எப்படிப் போனது என்று நான் விசாரிக்கவில்லை. அக்காவும் தம்பியும் ஒவ்வொரு இரவும் கதைப்பவர்கள்.

ஒருநாள் அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். நல்ல வீடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. சுவர் என்பதே இல்லாமல் குசினி, சாப்பாட்டு மேசை, சோபா, பெரிய ரிவி எல்லாம் ஒரே வெளியில் இருந்தன. ‘ஓப்பின் கொன்செப்ற்’ என்பது அதன் பெயர். அவன் மனைவி சூடை மீன் பொரித்தாள். சாப்பாடு அருமை. வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றினேன். கோட்டும் சூடை மீன். மறுநாள் அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் யன்னலைத் திறக்கலாமா என்று கேட்டார். மைத்துனன் வீட்டில் மீன் பொரிப்பது கராஜில் ஒரு சின்ன அடுப்பு வைத்து என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு நாங்கள் விருந்தாளிகள் என்பதால் குசினியில் பொரித்திருக்கிறார்கள். இரண்டு கார் விடும் கராஜில் ஒரு காரும் ஒரு தாச்சியும் நின்றன.

அன்றிரவு என் மனைவி பட்டியலை எடுத்து, ‘குசினி’ என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டாள்.

மொன்றியல் வெஸ்ட் வீட்டைக் கைவிட்டு, அடுத்து லஷீனுக்குப் போனோம். எனக்கு அது அரைமனதுதான். மொன்றியல் வெஸ்டின் மேப்பிள் கூடாரம் அங்கே இல்லை. ஆனால் சரித்திரம் உண்டு என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். லஷீன் கால்வாய் 1825இல் திறந்தது. அதற்கு முன்பே விலங்கு ரோம வணிகம் நடந்த கரை. 1880களில் டொமினியன் பிரிட்ஜ் கொம்பனி இங்கே தொழிற்சாலை போட்டு, நாடு முழுக்கப் பாலத்துக்கு இரும்பு வெட்டியது. அந்தத் தொழிலாளரும் மேற்பார்வையாளரும் இருந்த செங்கல் வீடுகள்தான் இந்த வீதிகள். காரில் போகும்போதே இதையெல்லாம் சொன்னேன். நாவலாசிரியர் சோல் பெலோ 1915இல் பிறந்தது லஷீனில்; 1976இல் நோபல் பரிசு வாங்கியவர்; நூலகத்துக்கு அவர் பெயர்தான் என்றும் சொன்னேன்.

“அவர் இஞ்சதான் இருந்தவரோ?” என்று மனைவி கேட்டாள்.

“இல்லை. சின்னனிலேயே வெளிக்கிட்டுச் சிக்காகோவுக்குப் போயிட்டினம்.”

“ம்” என்றாள். அந்த ‘ம்’முக்கு ஒரு நோபல் பரிசு கொடுக்கலாம்.

வீடு 1920களில் கட்டியது. பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பங்குபோடும் ஒட்டுவீடு. விறாந்தை இருந்தது. நிறக்கண்ணாடி ஒரேயொரு சின்னத் துண்டு, அதுவும் படிக்கட்டில் ஏறி நின்று கழுத்தைத் திருப்பினால் தெரியும். மின்சார வயர் மாற்றியாயிற்று; தண்ணீர்க் குழாய் செம்பு. 2024 ஓகஸ்ற் 9ஆம் திகதி டெபி புயலின் மிச்சம் ஒரே நாளில் சில இடங்களில் 150 மில்லிமீற்றருக்கு மேல் மழையைக் கொட்டி, மொன்றியலில் எத்தனையோ பேஸ்மென்றுகளை நிரப்பியது. அன்றைக்கு இந்த வீடு எப்படி இருந்தது என்று நான் எஜன்றைக் கேட்டேன். மனைவி அவனைக் கேட்கவில்லை. பேஸ்மென்றில் இறங்கிப் பழைய அலுமாரி ஒன்றின் காலைக் குனிந்து பார்த்தாள், பின்பக்கச் சுவரைக் கையால் தடவினாள், சாக்கடைத் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு எங்கே என்று கேட்டு அதன் மூடியையும் திறப்பித்தாள்.

பிறகு குசினி. சின்னது. நாலு பக்கமும் சுவர். ஒரு யன்னல், பின்பக்கம் திறக்கும் ஒரு கதவு, அதற்கு வெளியே ஒரு மூடிய சின்ன விறாந்தை. கூடத்துப் பக்கம் தடித்த மரத்தில் இன்னொரு கதவு. இழுத்துச் சாத்தினால் நிலையில் அப்படியே இறுகி இருந்தது. அந்தக் காலத்து வீடுகளில் சமையல் மணம் விருந்தாளிக்குப் போகக்கூடாது என்று நினைத்துத்தான் இப்படிக் கட்டினார்கள். இந்த நூற்றாண்டில் அந்தச் சுவர்களைத்தான் முதலில் இடிக்கிறார்கள்.

எஜன்றும் அதைத்தான் சொன்னான். “அக்கா, இதிலை நல்ல பொட்டென்ஷல் இருக்கு. இந்தச் சுவரை எடுத்துவிட்டால் அப்பிடியே ஓப்பினாய் வந்திடும்.”

மனைவி அவனைக் குசினிக்கு நடுவில் நிற்கச் சொன்னாள். “தம்பி, நீர் இதிலை நிண்டு அந்தச் சுவர் இடிக்கிற கதையைச் சொல்லும். நல்லாச் சத்தமாய்ச் சொல்லும்.” அவன் தொடங்கினான். அவள் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் நின்றாள். நானும் பக்கத்தில் நின்றேன். உள்ளே அவன் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்திருப்பான். எங்களுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.

“சத்தம் வராட்டில் மணமும் வராது. இதையே எடுப்பம்” என்றாள்.

என் பட்டியலில் இருந்த உருண்டைத் தலைத் தூணைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கதவைத் திறந்து எஜன்றிடம் விலையைப் பேசத் தொடங்கிவிட்டாள்.

மிச்சம் சட்டப்படி நடந்தது. கியூபெக்கில் வீடு கைமாறுவது நொத்தாரிசின் முன்னால். அவர் பிரெஞ்சில் வாசித்த பத்திரத்தில் எங்கள் பெயர்கள் வந்த இடங்களில் மட்டும் நான் பலமாகத் தலையாட்டினேன். சில மாதத்தில் நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. வீடு வாங்கியவர் கட்டவேண்டிய வரி. இங்கே எல்லோரும் அதை ‘வரவேற்பு வரி’ என்பார்கள். எங்களை யாரும் அவ்வளவு செலவில் வரவேற்றதில்லை.

மைத்துனன் குடும்பம்தான் முதல் விருந்தாளிகள். சாமான் ஏற்ற அவன் வரத் தேவையிருக்கவில்லை. படிக்கட்டு உள்ளே இருக்கிற வீடு இது என்பதை அவனுக்கு நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை சொன்னேன். சாப்பாட்டு அறையில் அவன் தன் பையிலிருந்து ஒரு போளையை எடுத்தான். லவாலிலிருந்து அதற்கென்றே கொண்டுவந்திருந்தான். போளை கொஞ்சம் யோசித்துவிட்டு ரேடியேற்றர் பக்கம் நடந்தது. அது 1920களின் ரேடியேற்றர் என்று சொல்லி, அவனை விறாந்தைக்குக் கூட்டிப்போய், இந்தச் செங்கல், இந்த வீதி, டொமினியன் பிரிட்ஜ் கொம்பனி என்று ஆரம்பித்தேன். நிறக்கண்ணாடியைப் பார்ப்பதற்குப் படிக்கட்டில் எந்தப் படியில் நின்று எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்றும் காட்டினேன்.

உள்ளே சூடை மீன் பொரிந்துகொண்டிருந்தது. கூடத்தில் ஒரு துளி மணம் இல்லை. அவன் மனைவி மூன்றாம் முறையாகக் குசினிக் கதவைத் திறந்து சாத்திப் பார்த்தாள். பிறகு அங்கேயே ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டாள். பிள்ளைகளும் பொரித்த மீனுக்காக உள்ளே போனார்கள். மைத்துனனும் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனான்.

நான் 1825இல் கால்வாய் திறந்த இடத்துக்கு வந்திருந்தேன். குசினிக் கதவு சாத்திய சத்தம் கேட்டது. நல்ல கதவு. அதற்குப் பிறகு நான் சொன்ன எதுவும் உள்ளே போயிருக்காது.